மேலகரத்து நடை இன்ஸ்பெக்டர்

நடக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. காலையில் எழுந்து, முகத்தைக் கழுவி, கேட்டைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் ரோட்டோரமாக நடந்துவிட்டு வருகிற நல்ல மனிதர்கள் நீடூழி வாழட்டும். நான் உங்களிடம் சொல்ல வந்தது வேறொரு இனத்தைப் பற்றி. இவர் நடப்பதற்காக வெளியே வருவதில்லை. நாம் நடப்பதைப் பார்ப்பதற்காக வருகிறார். பார்த்து, நின்று, நம்மையும் நிறுத்தி, ஒரு வயதில் விழுந்து எழுந்து நாம் கற்றுக்கொண்ட அந்தக் காரியத்தை இன்றுவரை தப்பாகவே செய்துகொண்டிருக்கிறோம் என்று அறிவித்துவிட்டுப் போகிறார். நடைத் திருத்துநர் என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் இல்லை என்கிறீர்களா? இருப்பார். பனி விழட்டும், வெளியே வருவார்.

எங்கள் தென்காசிப் பக்கம் இவர் கார்த்திகை மழை ஓய்ந்ததும் தென்படத் தொடங்கி, மார்கழியில் பெருகி, தை பிறந்ததும் மெல்லக் குறைகிற உயிர். அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். காதை மூடிய குல்லா, கழுத்தில் மப்ளர், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சட்டை. ஏனென்றால் ஏதோ ஒரு குளிர்தேசத்து வீடியோவில் பனிக்கால நடைக்கு அடுக்கடுக்காக உடுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே என்ன குளிர்? அதிகாலையில் குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வரும் காற்றில் உடம்பு லேசாகச் சிலிர்க்கும், ஒரு டீ குடித்தால் போய்விடும். ஆனால் அந்த வீடியோவில் உறைபனி மேல் வழுக்காமல் நடப்பது எப்படி என்றும் சொல்லியிருந்தார்கள். அதையும் அவர் விடவில்லை. கால்களை அகட்டி வைத்து, குட்டிக் குட்டி அடியாக எடுத்து, மேலகரம் தார் ரோட்டில் அவர் ஒருவர் மட்டும் வழுக்காமல் போய்க்கொண்டிருப்பார்.

வெறும் நடைக்காரர் இப்படி முற்றுவதில்லை. முற்ற வேண்டுமானால் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கதையில் அந்த வகுப்பு பிலாட்டீஸ். தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, படுத்தும் உட்கார்ந்தும், மூச்சை எண்ணி, வயிற்றை உள்ளே பிடித்து, இடுப்புக்கும் முதுகுக்கும் பலம் ஏற்றுகிற பயிற்சி. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஜெஸி என்ற பெண் சொல்லிக்கொடுக்கிறாள். பிசியோதெரபி படித்து, பெங்களூரில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்த கெட்டிக்காரி. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் அவள் பெயர்தான் இழுக்கப்படும்.

சரி, ஆளைச் சொல்கிறேன். வல்லிநாயகம் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். எனக்கு அடுத்த வீடு. சர்வீஸில் இருந்த முப்பத்து மூன்று வருடமும் தினம் முகம் மழித்த கோபத்தில் ஓய்வுபெற்ற மறுநாளே தாடி வளர்க்கத் தொடங்கியவர். மற்றபடி தங்கமான மனுஷன். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் காரை எடுப்பார். அவருடைய காரில் ஏறுவதற்கு நீங்கள் நடந்து போகிற அந்த நாலு அடியில்தான் சிக்கல்.

இதெல்லாம் ஆரம்பித்தது அவர் மனைவி நிர்மலாதேவியின் சர்க்கரையில். ஐப்பசியில் டெஸ்ட் எடுத்தபோது மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்பது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "சாப்பாட்டைக் குறைங்க. தெனம் நாப்பது நிமிசம் நிக்காம நடங்க. இடுப்புக்கு ஏதாவது பயிற்சி செய்யுங்க. தை பொறந்து அஞ்சாறு நாள்ல திரும்பப் பாப்போம். எட்டுக்குக் கீழ வரலைன்னா ஊசிதான்."

நிர்மலாதேவிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். மிகைப்படுத்தவில்லை. தடுப்பூசி போட வரிசையில் நின்றபோது, தனக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர். தினமும் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று என் வீட்டுக்காரியிடம் காம்பவுண்டுச் சுவர் அருகே நின்று சொன்னார். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது அவருக்கு.

"முப்பது வருசமா பந்தோபஸ்து, பந்தோபஸ்துன்னு போனவரு. இப்பம் எங்கூட கிளாசுக்கு வாறேன், நடக்க வாறேன்னு சொல்லுதாரு. பேசிக்கிட்டே நடந்தா நாப்பது நிமிசம் போறதே தெரியாதுல்லா?"

பாவம், அப்படித்தான் நினைத்தார்.

இருவரும் ஜெஸியிடம் சேர்ந்தார்கள். முதல் வாரமே அவள் எல்லோரிடமும் சொல்வதைச் சொல்லியிருக்கிறாள்: "வாரத்துல மூணு நாள் இங்க வாங்க அண்ணாச்சி. மத்த நாளு காலம்பற வெயிலு ஏறுறதுக்கு முன்னால நல்லா கைய வீசி நடங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணை. இங்க படிச்சதை நடக்கும்போது லேசா ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்." வகுப்பில் பதினாலு பேர் இருந்தார்கள். பதிமூன்று பேர் 'லேசா' என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி 'ஞாபகம்' என்பதைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் காலை அவர்கள் கிளம்பியபோது நான் வாசலில் பேப்பருக்காகக் காத்திருந்தேன். ஆகவே இது கண்ணால் கண்டது.

"நில்லு."

"என்னங்க?"

"குதிகாலு மொதல்ல. அதுக்குப் பெறகுதான் பாதம். நீ மொத்தமா தொப்புன்னு வைக்க."

"சரிங்க."

நாலு அடி போயிருப்பார்கள்.

"நில்லு, நில்லு. தோளு ரெண்டும் காதுகிட்ட நிக்கி பாரு. எறக்கு. ஆங். தொப்புளை முதுகுத்தண்டைப் பாத்து இழு."

"இழுத்துட்டேன்."

"இழுத்தா முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க? முகத்தை விடு. தொப்புளைப் புடி. மூச்சை மூணு அடிக்கு இழு, நாலு அடிக்கு விடு."

"ஏங்க, இப்படி எண்ணிக்கிட்டே நடந்தா எங்க போறோம்னே தெரியாதுங்க."

"எங்க போறோங்கறது முக்கியம் இல்லட்டி. எப்படிப் போறோங்கறதுதான் முக்கியம்."

நாற்பது நிமிடம் கழித்து அவர்கள் பால் டெப்போவை அடைந்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து பால் டெப்போவுக்கு, காலில் அடிபட்ட பூனை மூன்று நிமிடத்தில் போய்விடும். நிர்மலாதேவியின் போனில் அன்றைய கணக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. அதிலும் கொஞ்சம், எரிச்சலில் அவர் போனை உதறியபோது சேர்ந்தது. நடந்தாயிற்று என்ற திருப்தியில் அண்ணாச்சி டெப்போவுக்கு எதிர்க்கடையில் இரண்டு உளுந்தவடையும் ஒரு டீயும் சாப்பிட்டார். நிர்மலாதேவி வெந்நீர் குடித்தார்.

இப்படியே கார்த்திகை முழுவதும் போயிற்று. நிர்மலாதேவியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. திருத்துகிற கைக்கு ஒரு மனைவி போதுமா? மார்கழி பிறந்து தெருவெல்லாம் கோலம் போட ஆரம்பித்ததும், குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வியிடம் போய், "முதுக வளைக்காத தாயீ, இடுப்புல இருந்து மடங்கு" என்றார். அவள் பதினைந்து வயதிலிருந்து கோலம் போடுகிறவள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். அது அவளுடைய இருபத்தொரு புள்ளிக் கோலத்தின் நடுவில் இருந்தது. குதிகால் முதலில், அதற்குப் பிறகு பாதம்.

அதைவிடப் பெரிது கோயில் வாசலில் நடந்தது. செருப்பின் அடியைப் பார்த்தால் ஆளின் நடையைச் சொல்லிவிடலாம் என்று அண்ணாச்சி எங்கோ படித்திருக்கிறார். உண்மையும்தான், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறோம். அதற்காக? காசி விசுவநாதர் கோயில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இவன் எடது பக்கம் சாயுதான், இவளுக்கு முட்டி போயிரும், இது யாரு, வாத்து மாதிரி நடக்கானே" என்று முனகிக்கொண்டே, அதிகம் தேய்ந்திருந்த ஒரு ஜோடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அதன் சொந்தக்காரருக்காகக் காத்திருந்தார், நேரில் எச்சரிக்கலாம் என்று. சொந்தக்காரர் வந்தார். கூட அவருடைய இரண்டு மச்சினன்மாரும் வந்தார்கள். முப்பத்து மூன்று வருடம் திருடர்களைப் பிடித்த சப்-இன்ஸ்பெக்டரைச் செருப்புத் திருடன் என்று சட்டையைப் பிடித்துவிட்டார்கள். விவரம் தெரிந்து அவர்கள் மன்னிப்புக் கேட்டபோது அவர் பெருந்தன்மையாக மன்னித்து, "அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, மொதல்ல ரெண்டு அடி நடந்து காட்டும்" என்றாராம்.

சிரிப்புதான். ஆனால் அடுத்த வீட்டில் ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழி பிறந்து நாலைந்து நாளாகிவிட்டது, தைக்கு ஒரு மாதம்கூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலில் குத்திப் பார்க்கிற மிஷினில் நிர்மலாதேவியின் சர்க்கரை அசையாமல் நின்றது, அவரைப் போலவே. "நான் நடக்கவே இல்ல. பாடம் படிச்சுக்கிட்டு நிக்கேன்" என்று வகுப்பில் விரிப்பைச் சுருட்டும்போது கண் கலங்கியிருக்கிறார். பக்கத்து விரிப்பு ஹைருன் பீவியுடையது. கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற அம்மா. மகன் துபாயிலிருந்து போனில் நச்சரித்ததால் வகுப்பில் சேர்ந்தவர்.

"அழுவாதீங்க. அண்ணாச்சிக்குத் திருத்த ஆள் வேணும். அவ்வளவுதான். ஒரு ஆளைப் புடிச்சு அவரு கையில குடுத்துட்டு, நீங்க நடையக் கட்டுங்க" என்றார் ஹைருன் பீவி.

அந்த ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்?

மறுநாள் காலை நான் பேப்பரை எடுக்கக் குனிந்தபோது, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து நிர்மலாதேவியின் குரல் கேட்டது. "ஏங்க, அடுத்த வீட்டு சாரு ரொம்பக் கோணலா நடக்காரு, கவனிச்சீங்களா?" அடுத்த நொடி அண்ணாச்சி என் வாசலில் நின்றார். "என்ன வே, நான் எப்படி இதைப் பாக்காம வுட்டேன்? வாரும் இங்கன." மூன்று நாள் அந்தப் பெண்மணிக்காக நான் என் தொப்புளை முதுகுத்தண்டை நோக்கி இழுத்தேன். நான்காம் நாள் என்னால் முடியவில்லை. கால் சுளுக்கு என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்கலாம்.

என்னைக் கைவிட்ட கடவுள் நிர்மலாதேவியைக் கைவிடவில்லை. அனுப்பியது ஒரு ஆள் இல்லை. ஒரு வேன்.

மார்கழியில் குற்றாலத்துச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் வேன் வேனாக வந்து இறங்கி, அருவியில் குளித்து, செங்கோட்டை வழியாக மலைக்குப் போவார்கள். கறுப்பும் நீலமும் காவியுமாக வேட்டிகள், தாடிகள், மாலைகள். பார்க்கிறவர் எல்லோரும் எல்லோருக்கும் சாமி. அன்றைக்கு மனைவியோடு அந்தச் சாலைக்கு நடக்க வந்த அண்ணாச்சி, வகுப்புக்கென்று வாங்கிய கறுப்பு முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டிருந்தார். கழுத்தில் நீல மப்ளர். தாடி ஏற்கெனவே உண்டு. போதாததற்கு, பாதம் மண்ணை உணர வேண்டும் என்று இன்னொரு வீடியோ சொல்லியிருந்ததால் முந்தின வாரத்திலிருந்து செருப்பையும் விட்டிருந்தார். நான் விளக்கத் தேவையில்லை.

மேலகரத்தை அடுத்த நன்னகரம் தாண்டி ஒரு வேன் நின்றது. முப்பது பேர் இறங்கி அருவியை நோக்கி நடந்தார்கள். அதில் ஓர் இளைஞன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். அண்ணாச்சியின் கண் அதில் விழுந்தது.

"சாமி, நில்லுங்க!"

முப்பது பேரும் நின்றார்கள்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே சத்தத்துக்கு முப்பது பேர் நின்றது பரேடு மைதானத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். கறுப்பு உடுத்து, தாடி வைத்து, வெறுங்காலோடு பனியில் நிற்கிற ஒரு பெரியவர் நில்லுங்கள் என்றால் மாலை போட்டவன் நிற்காமல் என்ன செய்வான்?

"குதிகாலு மொதல்ல வைங்க சாமி. அப்பறம் பாதம்."

இளைஞன் வைத்தான். கூட இருந்த இருபத்தொன்பது பேரும் வைத்தார்கள்.

"தொப்புளை முதுகுத்தண்டைப் பாத்து இழுங்க."

முப்பது வயிறு உள்ளே போயிற்று. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அவர்களைக் கூட்டிவந்த குருசாமிக்கு நல்ல தொந்தி. அவர்தான் எல்லோரையும்விட மனதார முயன்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணிக்கொண்டு நடந்தால் எங்கே போகிறோம் என்று தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. இளைஞன் பத்து அடி நடந்து பார்த்துவிட்டு, "வலி கொறைஞ்சிருக்கு சாமி" என்று நெடுஞ்சாண்கிடையாக அண்ணாச்சியின் காலில் விழுந்தான். பின்னாலேயே வரிசை கட்டிவிட்டது. சரண கோஷம் நன்னகரம் வரைக்கும் கேட்டது.

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "நான் சாமி இல்லப்பா, ரிட்டயர்டு எஸ்.ஐ." அவ்வளவுதான். வாயைத் திறந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். திறந்த வாயை மூடிவிட்டார். ஊரில் உள்ள அத்தனை பேருடைய தோளையும் தொப்புளையும் திருத்தியவர், இந்த ஒரு பிழையை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

நிர்மலாதேவி சாலையின் அந்தப் பக்கம் நின்று இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு முன்னால் கிடந்த சாலையைப் பார்த்தார். நடந்துவிட்டார்.

அந்த நடையைப் பற்றி அவர் பிறகு என் வீட்டுக்காரியிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். தோள் எங்கே இருந்ததோ தெரியாது. மூச்சை எண்ணவில்லை. மலையில் பாதி மேகம் மூடியிருந்தது, மறு பாதியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் தரையையே பார்த்து நடந்ததில் அதை மறந்துபோயிருந்தார். ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. அருவிச் சத்தம் கேட்கிற தூரத்துக்கு வந்து மணியைப் பார்த்தால் நாற்பத்து மூன்று நிமிடம். ஒரு 'நில்லு'கூட இல்லாத நாற்பத்து மூன்று நிமிடம். "அழுக வந்துட்டு அக்கா. சந்தோசமா, கோவமான்னு எனக்கே வெளங்கல" என்றார்.

அண்ணாச்சிக்கு மனைவியின் நினைவு வர ஒரு மணி நேரம் பிடித்தது. பதறிப்போய் ஆட்டோ பிடித்துத் தேடி வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும், மனுஷன் ஆட்டோக்காரரிடம் மிச்சச் சில்லறைகூட வாங்கவில்லை. நிர்மலாதேவி ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை போடாத சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம வந்துட்டியே?"

"சொன்னா நில்லும்பீங்க."

"உன் நல்லதுக்குத்தானட்டி சொல்லுதேன். தப்பா நடந்து பழகிட்டா பெறகு மாத்த முடியாதுல்லா?"

நிர்மலாதேவி கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"எனக்கு நடக்கத் தெரியுங்க. உங்ககூட நடக்கத்தான் தெரியல. ஊசி போடுற அன்னைக்கும் பக்கத்துல நின்னு, நான் நேரா நிக்கேனான்னுதான் பாப்பீங்களா?"

ஒரு நிமிடம் அண்ணாச்சியின் தோள் தானாகவே இறங்கியது என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

இங்கே அவர் மனம் மாறி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அருவியோரம் நடந்து போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் ஓர் இனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் அவர் வழக்கத்தைவிட அரை மணி முன்னாலேயே எழுந்தார். குளித்தார். நெற்றி நிறைய விபூதி பூசினார். இதுவரை பூசியதில்லை. "நீ ஒம்பாட்டுக்கு நடந்துட்டு வா நிர்மலா, எனக்கு நன்னகரத்துல ஆளு வருது" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினார்.

பிறகு தை பிறக்கிறவரை இதுதான் ஏற்பாடு. அவர் நன்னகரம் வளைவில் நின்று, வருகிற வேன்களை நிறுத்தி, திருநெல்வேலிச் சீமை முழுவதன் இடுப்பையும் நேராக்கிக்கொண்டிருந்தார். நிர்மலாதேவி அவரைத் தாண்டி, கையை வீசி, ஒரு நாள் மெயின் அருவி வரை, ஒரு நாள் அதற்கும் மேலே ஐந்தருவிச் சாலையில் பாதி வரை நடந்தார். வகுப்பில் ஜெஸி அவரை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அக்கா, நடை ரொம்ப அழகா வந்திருக்கு! யாரு திருத்துனா?" என்று கேட்டாள். "யாரும் இல்ல" என்றார் நிர்மலாதேவி. ஹைருன் பீவி விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

மலைக்குப் போன சாமிமார் திரும்பி வருகிறபோது நன்னகரத்துச் சாமியை மறக்கவில்லை. அரவணைப் பாயசம், அப்பம், நெய்யில் முறுகின சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வேனை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது? வீட்டுக்குக் கொண்டுபோனால் நிர்மலாவுக்குச் சர்க்கரை. ஆகவே அங்கேயே நின்றபடி, மூச்சை மூன்றுக்கு இழுத்து நாலுக்கு விட்டு, அவரே சாப்பிட்டு முடித்தார்.

தை ஆறாம் தேதி டெஸ்ட். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் இரண்டு பேருக்கும் எடுக்கச் சொன்னார். எப்படி நடந்தது என்று அண்ணாச்சியே என்னிடம் சொன்னார், அவரிடம் இந்த நேர்மை உண்டு. நிர்மலாதேவிக்கு ஏழு புள்ளி எட்டு. "ஊசி இல்லையே டாக்டர்?" என்று அவர் மூன்று தடவை கேட்டாராம். மூன்றாம் தடவை டாக்டர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம். அந்த அழுகையைப் பார்த்து அண்ணாச்சிக்கும் கண் நிறைந்திருக்கிறது. அப்புறம் டாக்டர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஒன்பது புள்ளி நாலு.

"நானா? நான் தெனம் ஒரு மணி நேரத்துக்குமேல நடக்கேனே டாக்டர்!"

"நிக்காரு டாக்டர்" என்றார் நிர்மலாதேவி.

மூன்று மாதம் தவணை. நாற்பது நிமிடம், நிற்காமல். குறையவில்லை என்றால் ஊசி அவருக்கு. மாலை போட்டவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள், நன்னகரம் வளைவில் நிறுத்துவதற்கு ஒரு வேன்கூட மிச்சமில்லை. வெளியே வந்து கார் கதவைத் திறந்தபோது நிர்மலாதேவி அவர் கையைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார்: "பயப்படாதீங்க. நாளையில இருந்து நான் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு கண்டிசன். வாயைத் தொறக்கக் கூடாது."

மறுநாள் காலை நான் கேட்டருகே நின்றேன். இந்த முறை பேப்பருக்காக இல்லை, ஒளிப்பானேன். இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி உண்மையிலேயே வாயைத் திறக்கவில்லை. குல்லா இல்லை, மப்ளர் இல்லை, அகட்டி வைக்கிற குட்டி அடி இல்லை. காலில் செருப்பு. நிர்மலாதேவி ஏதோ சொல்லிக்கொண்டே வர, அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று, உண்மையாகவே. முப்பது வருடம் அந்தப் பெண்மணி எதற்குக் காத்திருந்தாரோ அது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இசக்கிசெல்வியின் கோலத்தைச் சுற்றிப் போனார்கள், கொஞ்சம் பின்னால் நானும் போனேன். பால் டெப்போவைத் தாண்டினார்கள். அங்கே நிர்மலாதேவி பேச்சை நிறுத்தினார். ஓரடி பின்தங்கினார். தலையைச் சாய்த்து அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்க."

"ம்?"

"ஒரு நிமிசம் நில்லுங்க. அந்த எடது தோளு ஏன் அப்படித் தொங்குது?"

நான் வந்த வழியே திரும்பி, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆக, இது தொற்றுகிற சமாசாரம் என்று தெரிகிறது. யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நல்லவர்களுக்குத்தான் சீக்கிரம் வருகிறது. உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். இதை வாசிக்கும்போது எங்கேயோ ஓர் இடத்தில் தோளை இறக்கி, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தீர்கள், இல்லையா? அதில் தப்பில்லை, எழுதும்போது நானும் செய்தேன். நிமிர்ந்த கையோடு, பக்கத்தில் இருப்பவர் எப்படிக் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தீர்களா?

பார்த்துவிட்டீர்களா? சரி, போகட்டும். வாயை மட்டும் திறக்காதீர்கள். அவருக்கும் அடுத்த மாதம் ஏதாவது டெஸ்ட் இருக்கலாம்.